அறை நான்கு, பெற்றுக்கொண்டேன்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எனக்குத் தடித்த பேனாதான் ஒத்துவரும். விரல்கள் மரத்துப்போனவை; மெல்லிய பேனாவைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா கீழே போட்டுவிட்டேனா என்றே தெரியாது. "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்று மூன்று முறை சொன்னீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நேரமாகும். நேரம்தான் நிறைய இருக்கிறதே.

எனக்கு வயது ஐம்பத்தேழு. அதில் இருபத்தாறு வருஷம் அந்தக் குளிர் கிடங்கில் போயிற்று. மொத்தம் ஆறு அறைகள். ஐந்தில் உறைந்த சரக்குப் பெட்டிகள் கூரைவரை அடுக்கிக் கிடக்கும். நான்காவது அறை மட்டும் வேறு. புதிதாக வந்த சரக்கை வேகமாக உறைய வைக்கிற அறை அது. ஆள் உயரத்துக்கு நான்கு விசிறிகள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி. உள்ளே போனால் முதலில் மூக்குமயிர் விறைக்கும், பிறகு கண்ணிமை ஒட்டும், பிறகு எதற்காக உள்ளே வந்தோம் என்பது மறந்துபோகும். மேல்கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டேகூடப் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. இருபத்துநாலு வருஷம் அது எனக்கு ஒரு சிவப்புக் கிறுக்கல். மற்றவர்கள் வெளியே வரும்போது நானும் வந்துவிடுவேன்.

இரண்டு வருஷம் முன்பு கிடங்குக்கு மெஷின் வந்தது. விசிறி, கதவு, குளிர், எச்சரிக்கை எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதற்கென்று கண்ணாடி வைத்து ஒரு சின்ன அறை கட்டினார்கள்; பேனல் அறை என்பார்கள். அங்கே ஒரு திரை, நான்கு பொத்தான், சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. உட்கார்ந்துகொண்டு திரையில் வருவதை வாசித்து, வேண்டிய பொத்தானை அழுத்த ஒரு ஆள் தேவை. அந்த அறையில் குளிர் கிடையாது. ஜன்னல் பக்கம் வெயில்கூட வரும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வருஷக் கணக்குப் பார்த்தா இது உனக்குத்தான்யா வரணும். ஆனா வாசிக்கத் தெரியணுமே. ஆறு மாசம் தர்றேன். கத்துக்கிட்டு வா. இல்லேன்னா அடுத்த ஆளுக்கு."

அடுத்த ஆள் என் மச்சான். என் மனைவியின் தம்பி. என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன். நான்தான் அவனைக் கிடங்கில் சேர்த்துவிட்டேன். அவன் பத்தாவது படித்தவன். நாற்காலி தனக்கு வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. "மாமா, உங்க முட்டி இன்னொரு வருஷம் தாங்காது. ஆறு மாசம் போதும். நான் சொல்லித் தர்றேன்" என்றான்.

சொல்லியும் தந்தான். ஆறாம் அறையின் சுவர் முழுக்க வெண்பனி படிந்திருக்கும். கையுறை விரலால் அதில் எழுதிக் காட்டுவான். பெட்டி அடுக்குகிற நேரத்தில் ஒரு எழுத்து, இறக்குகிற நேரத்தில் ஒரு எழுத்து. மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் மறுபடி வெறுமையாக இருக்கும். "பலகையைத் துடைக்கிற வேலைகூட நமக்கில்லை மாமா" என்பான். ஐம்பத்தைந்து வயதில் எழுத்து ஏறுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு எழுத்து உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போகும். ஆனாலும் ஆறு மாதத்தில் மேனேஜர் நீட்டிய தாளை வாசித்துக் காட்டினேன். வியர்த்துவிட்டது. நாற்காலி கிடைத்தது.

அன்றிலிருந்து சுமைக்காரர்கள் எனக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். தேநீர் குடிக்க உட்கார்ந்தால் போதும்.

"எந்திரிங்கப்பா, வாத்தியார் வர்றாரு."

"வாத்தியாரே, என் செருப்புல என்னமோ எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை. சாயங்காலத்துக்குள்ள சொன்னாப் போதும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கேலி செய்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு அரைநாள் வேலை. பன்னிரண்டரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். பேனல் அறையில் நான், உள்ளே பெட்டிகளின் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்க்க மச்சான், வெளிக் கேட்டில் வாட்ச்மேன். அவ்வளவுதான். மாலை நான்கு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து அறை நான்கைத் திறந்தார்கள். மச்சான் கதவுக்குப் பக்கத்தில், உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கென்று வைத்த சிவப்புப் பொத்தானுக்குக் கீழே, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேல்கோட்டு வெளியே ஆணியில் தொங்கியது. இரண்டு நிமிஷ வேலை என்று கோட்டு போடாமல் போயிருக்கிறான்.

என்ன நடந்தது என்று கேட்டார்கள். மெஷின் செத்துப்போச்சு என்றேன். அது உண்மை. ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் திரை கறுத்து, வெள்ளை எழுத்துகளாக ஏதோ ஓடி, நின்றுவிட்டது. நான்கு நிமிஷம் கழித்துத் தானாக எழுந்தது. அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்கு அதனிடம் எந்தப் பதிவும் இல்லை. மெஷின் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருந்து, ஷிப்ட் முடியும்போதுதான் ஏட்டில் எழுதுமாம். எழுதுவதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஆகவே எல்லோரும் இப்படிப் புரிந்துகொண்டார்கள்: மச்சான் உள்ளே மாட்டிக்கொண்டான், பொத்தானை அழுத்தினான், மெஷின் கோளாறாகிக் கிடந்ததால் அழைப்பு வரவில்லை. மெஷினைப் பொருத்திய ஆளை அன்றைக்கே பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அவர் அழுதார். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் அவருக்கு. மேனேஜர் என் தோளைத் தட்டி, "நீ என்னய்யா பண்ணுவே" என்றார்.

வீட்டில் என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். அவளுக்கும் தம்பிக்கும் பதினோரு வயது வித்தியாசம். இடுப்பில் சுமந்து வளர்த்தவள். கூட்டமெல்லாம் போன பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க அங்கதானே இருந்தீங்க."

"அங்கதான்."

"கூப்பிட்டானா?"

"கூப்பிடலை" என்றேன். "குளிர்ல அப்படித்தான். தூக்கம் வர்ற மாதிரி வரும். அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் தலையை ஆட்டினாள். அன்று கொஞ்சம் சாப்பிட்டாள். அந்தப் பதிலை நான் எதற்காகச் சொன்னேன் என்று யோசித்துப் பாருங்கள். எனக்காகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் மெஷின் செய்த இடத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர், முதுகில் ஒரு பை. வந்தவுடன் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னைக் கூடவே இருக்கச் சொன்னது மேனேஜர். குடிக்கத் தண்ணீர், எந்தப் பொத்தான் எது என்று கேட்டால் சொல்ல.

"கெர்னல் விழுந்திருக்கு ஐயா" என்றாள்.

கர்னல் என்றால் பட்டாளத்தில் இருப்பவர் என்று நினைத்தேன். அப்படியே கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அதேதான். மெஷினுக்குள்ள எல்லாத்துக்கும் உத்தரவு போடறது அதுதான். அது விழுந்தா மொத்தமும் விழுந்திரும்" என்றாள்.

"விழுந்தா அவ்வளவுதானேம்மா. நினைப்பெல்லாம் போயிருக்குமே."

"போகாது. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

பிறகு விளக்கினாள். மெஷினின் நினைவில் ஒரு ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருப்பார்களாம். அங்கே ஒரு குட்டி கெர்னல் சும்மா கிடக்கும். பெரியது ஓடுகிறவரை அதற்கு வேலையே கிடையாது. பெரியது விழுந்த கணம் குட்டி எழுந்துகொள்ளும். விழுந்தது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, எதையும் நகர்த்தாமல், தொடாமல், நினைவு முழுவதையும் பிரதி எடுத்து ஒரு இடத்தில் வைக்கும். அதன் பிறகுதான் மெஷினை மறுபடி ஓட விடும்.

"பொணத்தை எடுக்கறதுக்கு முன்னால படம் பிடிக்கற மாதிரி" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். செத்தவன் என் மச்சான் என்று மேனேஜர் அவளிடம் சொல்லியிருந்தார். "மன்னிச்சுக்கங்க ஐயா, நான் யோசிக்காம பேசிட்டேன்" என்றாள். பேசியது நான். ஆனாலும் நல்ல பெண்.

எனக்கு அந்த நான்கு நிமிஷம் நினைவுக்கு வந்தது. திரை கறுத்துக் கிடந்த நான்கு நிமிஷமும் மெஷின் செத்துக் கிடக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்த நேரத்தில் என்னை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் வாசிப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. நான் நினைத்தேன், படித்தவர்கள் எல்லோரும் மேனேஜர் மாதிரி ஒரு பார்வையில் தாளைப் புரட்டிவிடுவார்கள் என்று. இவள் அப்படியில்லை. திரை நிறைய எண்ணும் எழுத்துமாக, வரிவரியாக, ஒன்றுக்கும் அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடக்கும். அவள் ஒரு வரியில் விரலை வைப்பாள். உதட்டுக்குள் முணுமுணுப்பாள். ஒரு தாளில் குறித்துக்கொள்வாள். அந்த எண் காட்டும் இடத்துக்குப் போவாள், அங்கிருந்து இன்னொரு இடம். தப்பான இடத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து. எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள் என்று புரிந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது.

"மெதுவாத்தான் வாசிக்கறீங்க" என்றேன்.

"வேகமா வாசிச்சா நமக்கு என்ன வேணுமோ அதைத்தான் பார்ப்போம் ஐயா. மெதுவா வாசிச்சாத்தான் என்ன இருக்கோ அது தெரியும்."

இதை நான் அன்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். மச்சானுக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மச்சானைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் முன்பு ஒரு சின்னத் தவறு நடந்தது. இரண்டாம் அறையின் பனியை உருக்கட்டுமா என்று மெஷின் கேட்டது. மூன்று வரி. வெளியே இரண்டு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு நின்றன. முதல் வரியை வாசித்துவிட்டு, மற்ற இரண்டும் வழக்கமானதுதான் என்று பொத்தானை அழுத்தினேன். உள்ளே சரக்கு இருக்கிறது, வேண்டாம் என்றால் இதை அழுத்து என்று மற்ற இரண்டு வரியில் இருந்திருக்கிறது. மாலைக்குள் அந்த அறைச் சரக்கு மொத்தமும் இளகி, கையால் அமுக்கினால் குழிந்தது. மெஷின் தானாகச் செய்துவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னேன். நம்பினார். மெஷினைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவர் நம்புவார்.

மச்சான் நம்பவில்லை. நான் அழுத்தியபோது அவன் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தான். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தேநீர் நேரத்தில், எல்லோர் முன்னாலும், கேலி மாதிரியே ஆரம்பித்தான்.

"மாமா, உள்ள நாங்க ஆறு பேர் இருக்கோம். ஒருத்தன் மாட்டிக்கிட்டுப் பொத்தானை அமுக்கினான்னு வைங்க. நீங்க எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள அவன் கட்டையாயிருவான்."

"கட்டையானா வாத்தியார் அடுக்கி வெச்சிருவாரு" என்றான் இன்னொருவன். சிரிப்பு.

மாலை வீட்டுக்கு நடக்கும்போது மச்சான் தணிந்த குரலில் சொன்னான்.

"கேலிக்குச் சொல்லலை மாமா. எனக்குப் பயமா இருக்கு. நீங்களே மேனேஜர்கிட்டப் போய், இன்னும் சரியா வரலை, வேற ஆள் போடுங்கன்னு சொல்லிருங்க. வெளி வேலை ஏதாவது கேட்டு வாங்கிக்கலாம், நானும் கூட வந்து பேசறேன்."

"சொல்லலேன்னா?"

"என்னைச் சொல்ற மாதிரி வெச்சிராதீங்க மாமா. திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கறேன்."

அவன் மரியாதையாகத்தான் பேசினான். அக்காவிடம் சொல்லவில்லை, அதுவும் பெருந்தன்மைதான். அவன் சொன்னதில் ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் சரியா வரலை என்று நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றானே, அது. சொல்லிக் கொடுத்தவன் அவன். வந்துவிட்டது என்று மேனேஜர் ஒப்புக்கொண்டதை, சொல்லிக் கொடுத்தவனே வரவில்லை என்கிறான்.

பொறியாளரின் இரண்டாம் நாள். விழுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கொஞ்சம் உற்சாகமாக இருந்தாள். எனக்கு எளிமையாகச் சொல்லப் பார்த்தாள்.

"உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினா இங்க ஒரு சீட்டு எழுதப்படும்னு வைங்க. நீங்க பெற்றுக்கொண்டேன்னு அழுத்தினா அந்தச் சீட்டு கிழிக்கப்படும். சரியா? உள்ள இருந்து எழுதற அதே கணத்துல வெளிய இருந்து கிழிச்சா, கெர்னலுக்கு அந்த இடம் இருக்கா இல்லையான்னே தெரியாமப் போயிரும். அதான் விழுந்திருக்கு. எங்க தப்புதான் ஐயா. எழுதினவங்க இதை யோசிச்சிருக்கணும்."

"மெஷின் தப்பு" என்றேன்.

"மெஷின் தப்புதான்" என்றாள். பிறகு தான் சொன்னதையே தான் கேட்டவள் போல நின்றாள். தாளை எடுத்துப் பார்த்தாள். "அப்படீன்னா மெஷின் விழறதுக்கு முன்னால அழைப்பு வந்திருக்கு" என்றாள். தாளைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, ரெண்டு மணிக்கு முன்னால இங்க யார் இருந்தாங்க?" என்றாள்.

"நான்தான் இருந்தேன். நடுவுல வெளிய போயிருப்பேன்."

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"வந்திருக்கலாம்."

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அன்று போகும்போது, "உங்களுக்கு இதையெல்லாம் பக்கத்துல நின்னு பார்க்கறது கஷ்டமா இருக்கும். நாளைக்கு வேற யாரையாவது அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வாசித்து முடிப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மூன்றாம் நாள் அவள் ஒரு கட்டளை கொடுத்தாள். எண்களாகக் கிடந்தவை, கிழித்த சீட்டுகள் உட்பட, நம் எழுத்தாக மாறின. அவள் சத்தமாக வாசித்தாள்.

"அறை நாலு, உள்ளே ஆள், அழைப்பு. பெற்றுக்கொண்டேன். அறை நாலு, உள்ளே ஆள், அழைப்பு. பெற்றுக்கொண்டேன். அறை நாலு..."

ஐந்தாவதில் குரல் இறங்கியது. ஏழாவதில் நின்றுவிட்டது. அவள் வாசிக்காமல் நிறுத்தியதால் அடுத்த வரியை நான் வாசித்தேன். அதற்கடுத்த வரியையும் வாசித்தேன். நாற்காலி மெதுவாகத் திரும்பியது. அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். பையைக்கூட எடுக்கவில்லை.

"ஐயா," என்றாள், "நீங்க இதைப் பார்த்து வாசிக்கலை."

பார்த்துத்தான் வாசித்தேன் என்றேன். அவள் கதவைத் திறந்துகொண்டு மேனேஜரிடம் ஓடினாள். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

கதவு எப்படி மூடியது? அறை நான்கின் உள்கைப்பிடி நான்கு மாதமாகச் சும்மா சுற்றுகிறது. எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதனால் உள்ளே போகிறவர்கள் ஒரு காலிப் பெட்டியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி வைத்தால் கதவு திறந்திருக்கிறது என்று திரையில் வரும். அது வந்தால் பேனல் ஆள் போய் என்னவென்று பார்த்து, கதவை மூட வேண்டும். அன்று பன்னிரண்டு நாற்பதுக்கு அது வந்தது. நான் போனேன். பெட்டியை எடுத்தேன். கதவு மூடிக்கொண்டது. மூடுவதற்கு முன் உள்ளே ஆள் இருக்கா என்று குரல் கொடுப்பது விதியில் இல்லை. எல்லோரும் கொடுப்பார்கள், அது பழக்கம். ஆணியில் கோட்டைப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். காலரில் என் மனைவி தைத்த நூல் இருக்கும்.

முதல் அழைப்பு எப்போது வந்தது? மூன்று நிமிஷம் கழித்து. திரையில் வந்ததை வாசித்தேன். அழைப்பு வந்து ஒரு நிமிஷத்துக்குள் பெற்றுக்கொண்டேன் என்று அழுத்தாவிட்டால் வெளியே சங்கு ஊதும், வாட்ச்மேன் ஓடி வருவார். அழுத்தினால் ஊதாது. அழுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறக்க வேண்டும். அழுத்தினேன்.

ஏன் திறக்கவில்லை? இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் சொல்வது உங்களுக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன், ஆகவே நிதானமாக எழுதுகிறேன். ஐந்து நிமிஷம் இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வாத்தியார் திறந்தால்தான் வெளியே வர முடியும் என்பது அவனுக்கும் தெரியட்டும் என்று. ஐந்து நிமிஷம் ஆனதும் எழுந்தேன். எழுந்த பிறகுதான் தோன்றியது, இப்போது திறந்தால் அவன் என்ன சொல்வான்? இவ்வளவு நேரம் எழுத்துக்கூட்டினீர்களா என்பான். திங்கட்கிழமை மேனேஜரிடம் அதையே சொல்வான். ஐந்து நிமிஷத் தாமதத்துக்கு நான் என்ன காரணம் சொல்ல முடியும்? வாசிக்க நேரமானது என்பதைத் தவிர வேறு காரணம் சொன்னால் அது இன்னும் மோசம். ஆகவே உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆனபோது மறுபடி யோசித்தேன். பத்து நிமிஷம் என்பது ஐந்தைவிடப் பெரிய தாமதம். அரை மணி அதைவிட. நேரம் போகப் போகத் திறப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. அவன் நிலைமையில் இருந்தும் பார்த்தேன், என் நிலைமையில் இருந்தும் பார்த்தேன். என் நிலைமைதான் மோசமாக இருந்தது.

கதவுக்கு எவ்வளவு தூரம்? இருபத்திரண்டு அடி எடுத்து வைத்தால் கதவு. வெளிக்கைப்பிடி சுலபமாக இறங்கும். பூட்டு கிடையாது.

சத்தம் கேட்டதா? கதவு ஒரு சாண் தடிமன். சத்தம் வராது. திரையில் எழுத்து மட்டும்தான் வரும்.

மெஷினை நான் நிறுத்தினேனா? இல்லை. அதை நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவன் அழுத்தியதும் நான் அழுத்தியதும் ஒரே கணத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மணி நேரமாக அவன் அழுத்துவான், நான் வாசிப்பேன், அழுத்துவேன். அந்தத் தடவை இருவரும் ஒன்றாக. திரை கறுத்தபோது எனக்குப் பயமாக இருந்தது, பிறகு பயம் போய்விட்டது. இனி எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறதே. நான்கு நிமிஷம் கழித்து அது எழுந்தது. அழைப்பு வருகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வேலை அதுதான். நான்கு மணிவரை கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

மெஷின் பொருத்திய ஆளை விட்டுவிடுங்கள். அவர் கதவுப் பக்கமே வந்ததில்லை. என் மனைவிக்கு இந்தத் தாளைக் காட்ட வேண்டாம். அவள் அஞ்சாவது வரை படித்தவள், நன்றாக வாசிப்பாள். அவளிடம் நான் சொன்ன பதில் அவளுக்குப் போதும். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் தம்பியும் இல்லை, பதிலும் இல்லை. இவ்வளவு தூரம் யோசிக்கிறவனை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் தட்டச்சு செய்து மேஜைமேல் வைத்திருக்கும் அறிக்கையை, நீங்கள் வெளியே போயிருந்தபோது வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் மேலிருந்து ஐந்தாவது வரி தவறு. பதினாறு முறை அழைப்பு நிறுத்தப்பட்டது என்று இருக்கிறது. அந்தப் பெண்மேல் குற்றமில்லை. மெஷினில் அந்தச் சீட்டுகளுக்குப் பதினாறு இடம்தான். பதினேழாவது வந்தால் முதலாவதன் மேலேயே எழுதிக்கொள்ளும். அவளே இதை மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குட்டி பிரதி எடுத்ததும் அவள் கண்டதும் கடைசிப் பதினாறுதான்.

மொத்தம் முப்பத்தொன்று. திருத்திவிடுங்கள். ஒன்றைக்கூட வாசிக்காமல் அழுத்தவில்லை. அறை என்பதில் தொடங்கி அழைப்பு என்பதுவரை முழுவதும் வாசித்த பிறகுதான் விரலை வைத்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு தடவை எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன், உதடு அசைந்தது. இருபதைத் தாண்டிய பிறகு உதடு அசையவில்லை. கடைசி நாலைந்து தடவை கண் பட்டவுடனே மொத்த வரியும் வந்துவிட்டது, மேனேஜருக்கு வருமே அப்படி. மச்சான் இருந்திருந்தால் அவனே ஒப்புக்கொண்டிருப்பான்.